பதினோரு பெயர்கள்

சாஸ்கட்டூனில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
பார்க்கிங்கில் வண்டிகள் எல்லாம்
எஞ்சின் உறையாதிருக்க
மின்வயரில் கட்டுண்டு நிற்கின்றன.

எஃகுக் குதிர்களில் கோதுமையின் ஈரம் அளக்கும்
சென்சாருக்கு நான் எழுதிய டிரைவர்,
ஆயிரத்து இருநூறு வரி.
கம்பைலரின் புதிய பதிப்பு
அதில் பதினோரு எச்சரிக்கைகள் கண்டது.
பதினொன்றும் ஒரே புகார்:
இந்த ஃபங்ஷன் ஊருக்கெல்லாம் தெரிகிறது,
தெரியவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

உண்மைதான்.
எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று
வாசலில் நின்று அறிவிக்கிற பிள்ளை மாதிரி
என் கோப்பு
உள்ளே இருப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது,
இரண்டு வருடம்,
கேட்பாரில்லை என்ற தைரியத்தில்.

மருந்து ஒரு சொல். ஸ்டாட்டிக்.
முன்னால் எழுதினால்
அந்தப் பெயர் கோப்பின் கடைசி வரியோடு நின்றுவிடும்.
வேலை அதேதான்.
கூப்பிடுகிறவர்கள் மட்டும் வீட்டு ஆட்கள்.

எனக்கும் அப்படியொரு பெயர் உண்டு.
அட்டையில் மாதங்கி.
மீட்டிங்கில் அதை வெட்டி மாடி என்கிறார்கள்;
திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.
என் தங்கை கூப்பிடுகிற மூன்றெழுத்து வேறு.
ஸ்பீக்கரில் இருப்பது தெரியாமல்
ஒருமுறை அதைச் சொல்லிவிட்டாள்.
ஒரு வாரம் ஆபீஸ் முழுக்கத் திரிந்தது அது,
ஒவ்வொரு வாயிலும் ஒவ்வொரு உருவில்.
இங்கே எழுதமாட்டேன்.
நீங்கள் வேறு கோப்பு.

ஒன்பது வரை சத்தமில்லை.
பத்தாவதற்குப் போட்டதும்
கம்பைலர் வேறு குரலில் பேசியது:
இதை ஒருவரும் அழைப்பதில்லை.
திறந்திருந்தவரை
எங்கிருந்தோ யாரோ அழைக்கக்கூடும் என்று
மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.
பதினான்கு வரி. என் கைதான்.
எதற்கு எழுதினேன் என்று நினைவில்லை.
அழித்தேன்.

பதினொன்றாவது: சூடேறும்வரை காத்திரு.
அதற்குப் போட்டதும் லிங்கர் அலறியது.
காற்றாடி டிரைவரில் யாரோ
அந்தப் பெயரைத் தேடுகிறார்கள், காணவில்லையாம்.

யாரோ இல்லை. ஆர்வில் டக்காச்சுக்.
இரண்டு மேஜை தள்ளி
கர்லிங் ஆடக் கிளம்பிக்கொண்டிருந்தார்.
போன ஜனவரியில், ஆளில்லாத ராத்திரியில்,
தன் கோப்பின் உச்சியில் ஒரு எக்ஸ்டர்ன் வரி எழுதி
என் ஃபங்ஷனுக்குக் கொல்லைப்புறமாக வந்துபோயிருக்கிறார்.
அதிலும் ஒரு அளவுருவை விட்டுவிட்டார்.
எவ்வளவு நேரம் என்று நான் கேட்கிற இடத்தில்
அவர் ஒன்றும் தரவில்லை;
ரெஜிஸ்டரில் யாரோ விட்டுப்போன எண்
பதிலாகப் போயிருக்கிறது.
ஒரு குளிர்காலம் முழுக்க
ரோஸ்டவுன் பக்கத்துக் காற்றாடிகள்
எச்சில் எண்ணுக்குக் காத்திருந்து சுழன்றிருக்கின்றன.

"வேலை செய்ததே" என்றார்.
"செய்தது" என்றேன்.
கேட்டிருக்கலாமே என்று வாயெடுத்தேன்.
கேட்டு வர
நான் ஒரு வாசல் வைத்திருக்கவில்லை.

அந்த ஒன்றுக்கு மட்டும் ஸ்டாட்டிக்கை எடுத்தேன்.
ஹெட்டர் கோப்பில் பெயர், அளவுரு,
எண் மில்லிசெகண்டில் என்று ஒரு குறிப்பு.
அவர் கோட்டோடு நின்றபடியே
தன் எக்ஸ்டர்ன் வரியை அழித்தார்.
இருநூறு போடட்டுமா என்றார்.
நான் ஐந்நூறு என்றேன்.
சந்தையில் போல இழுத்து
முந்நூற்றைம்பதில் நின்றோம்,
நாளை குளிர்ப்பெட்டியில் வைத்துப் பார்ப்பதாக.

பில்ட் முடிந்தது. எச்சரிக்கை இல்லை.
கமிட் செய்தி ஒரே வரி:
வெளியே வேண்டாத பெயர்கள் உள்ளே.

வண்டியின் வயரைப் பிடுங்கும்போது போன் அடித்தது.
தங்கை.
ஸ்பீக்கர் அணைந்திருக்கிறதா என்று
ஒருமுறை பார்த்துவிட்டு
எடுத்தேன்.